பாராட்டக் கூடாத பூசணிக்காய்

விவசாய இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, என்னை அழைத்து "நாலு வார்த்தை பேசுங்கள்" என்றார்கள். நாலு வார்த்தையில் நான் எதையும் முடித்ததாக என் மனைவிக்கே ஞாபகம் இல்லை. ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தேத்தண்ணியும் கொடுத்துவிட்டீர்கள். இனி நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

உரம் எவ்வளவு, பாத்தி எத்தனை அகலம், பூச்சிக்கு என்ன மருந்து என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதில் நான் கைவைக்க மாட்டேன். கைவைத்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். ஏழைக் குடியானவன் ஒருவன் உங்களிடம் "ஒண்ணும் விளையலைங்க" என்று சொன்னால், அதை எப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது. நான் அதைக் கற்றுக்கொண்ட நாளில் என் வேலை போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் ஒரு வெள்ளைப் பூசணிக்காயும், ஜுரு என்ற ஊரில் இருந்த அங்கம்மா என்ற பெண்மணியும்தான்.

அது ரப்பர் விலை மண்ணைக் கவ்வியிருந்த காலம். தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்தார்கள். மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்குத் திரும்பும் கப்பலுக்குக் காத்துக் கிடந்த தமிழ்க் குடும்பங்களால் பினாங்குத் துறைமுகம் நிறைந்திருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குத்தான் போய் இறங்க ஒரு ஊர் இருந்தது. மீதிப் பேர் இங்கேயே தோட்டத்து லயத்தில் பிறந்து, இங்கேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்ந்தவர்கள். அவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்புவது என்றால், முகவரி எழுதாமல் கடிதத்தைத் தபாலில் போடுவது மாதிரிதான்.

அப்படிப் போக மறுத்த சில குடும்பங்கள் பினாங்குத் தீவுக்கு அக்கரையில், ஜுரு ஆற்றோரத்தில், யாருக்கும் வேண்டாத ஒரு தாழ்ந்த நிலத்தில் குடிசை போட்டன. நீங்கள் இன்று போய்ப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அன்று அங்கே சேற்றில் முளைக்கும் நீப்பா மரமும் நண்டு வளையும்தான் இருந்தன. கடல் ஏறினால் ஆற்றில் உப்புத் தண்ணீர் வரும். அந்த மனிதர்கள் கூடை கூடையாகச் சேறு அள்ளிக் கரை கட்டி, உப்பை வெளியே நிறுத்தி, மாட்டுச் சாணமும் சாம்பலும் கொட்டி, அந்தச் சேற்றைக் கொல்லையாக்கினார்கள். நிலம் சர்க்காருடையது. வருஷா வருஷம் அனுமதி வாங்கித்தான் பயிர் வைக்கலாம். எந்த வருஷமும் அது நின்றுபோகலாம்.

அவர்களை மேற்பார்வை பார்க்க இலாகா அனுப்பிய நிபுணர் யார் என்றால், அடியேன்தான். நான் பினாங்கு நகரத்துச் சூலியா தெருப் பிள்ளை. வாப்பாவுக்குத் துணிக்கடை. கத்திரிச் செடியையும் சுண்டைச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காய் வரும்வரை வாயைத் திறக்க மாட்டேன். இங்கிலீஷ் படித்திருந்தேன், சைக்கிள் ஓட்டத் தெரியும், தமிழும் மலாயும் பேசுவேன், போதாதா? மீசை அப்போதுதான் ஒழுங்காக வந்திருந்தது. வாரம் தவறாமல் பெர்ரியில் ஏறி அக்கரை போய், அங்கிருந்து சைக்கிளை மிதித்து ஜுரு போய்ச் சேருவேன். குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள், எல்லாருக்கும் நான் "கிராணி தம்பி".

அங்கம்மா அக்கா அந்தக் கூட்டத்தில் வாயாடி. புருஷன் இறந்துபோய், மூன்று பெண் பிள்ளைகளோடு தனி ஆளாகக் கொல்லை போட்டிருந்தார். முதல் முறை பார்த்தபோதே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, மழை வந்தா எந்தப் பக்கம் ஓடணும்னாவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்பதை என் முகமே சொல்லிவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

ஆனால் விளைச்சலைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் வேறு ஆள் ஆகிவிடுவார். "என்னக்கா, பூசணி எப்படி?" என்றால், "என்னத்த பூசணி, கொடிதான் ஓடுது, காயக் காணோம்" என்பார். வீராசாமி அண்ணன் அந்தக் குடும்பங்களுக்குத் தலைவர் மாதிரி. அவரைக் கேட்டால், "பொழப்பு ஏதோ ஓடுது தம்பி" என்று மூக்கைச் சிந்துவார். எந்தக் கொல்லையில் கேட்டாலும் இதே பாட்டுத்தான். ஒரு பக்கம் இப்படி அழுதுகொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்னொரு பக்கம் கன்னம் கன்னமாகக் கொழுத்துக்கொண்டிருந்தன. அதை நான் கவனிக்கவே இல்லை. துணிக்கடைப் பிள்ளைக்குக் கணக்கு வராதா என்று கேட்காதீர்கள், வரவில்லை.

இப்படி இருக்கையில் நிலத்தைப் பார்க்கும் துரை ஒருவர் ஜுருவுக்கு வரப் போவதாகச் செய்தி வந்தது. நல்ல மனிதர், ஆனால் ஒரு எண்ணத்தைப் பிடித்தால் விடமாட்டார். ஜார்ஜ் டவுன் ஆபீசில் என் காதுபடவே சொன்னார். "தோட்டத்துத் தமிழர்கள் கூலிக்கு வந்தவர்கள். ரப்பர் விலை ஏறினால் மறுநாளே தோட்டத்துக்கு ஓடிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நிலம் எதற்கு? வேறு ஒருவர் அதே இடத்தில் தென்னை வைக்கக் கேட்கிறார்." அவர் நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் நிலத்துக்கு நிரந்தரப் பட்டா. பிடிக்காவிட்டால் அனுமதி ரத்து, எல்லாரும் கப்பலுக்கு.

இதைச் சொன்னபோது அங்கம்மா அக்கா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். பிறகு, "கப்பல்ல ஏத்துறது சரி தம்பி. எறங்கி எந்தப் பக்கம் நடக்கிறதுன்னு யாரு சொல்லுவா? என் அப்பன் ஊரு பேரே எனக்குச் சரியாத் தெரியாது" என்றார். இவர்களை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அந்த வயதில் முடிவு எடுப்பது எளிது.

என் மூளையில் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. காய்கறிக் கண்காட்சி. துரைமார்களுக்குக் கண்காட்சி என்றால் உயிர். ரோட்டோரத்தில் நீளமாக மேசை, மேசை மேல் வெள்ளைத் துணி, துணி மேல் காய்கள். துரை வெள்ளை உடுப்பில் சேறு படாமல் பார்க்கலாம். உடனே எல்லாரையும் கூட்டி ஒரு பிரசங்கம் செய்தேன்.

"ஆளாளுக்கு உங்க கொல்லையில எது பெரிசோ, எது அழகோ, அதைக் கொண்டாந்து மேசை மேல வைக்கணும். துரை மட்டுமில்ல, ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் பார்க்கணும். பார்த்து வாயப் பொளந்து நிக்கணும்."

வீராசாமி அண்ணன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "போறவன் வர்றவனுமா தம்பி?" என்று கேட்டார்.

"எல்லாரும்தான் அண்ணே. எத்தனை பேர் பார்க்கிறாங்களோ அத்தனை நல்லது."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். உற்சாகத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. வாப்பாவின் கடையிலிருந்து நல்ல மல்லுத்துணி ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்து விரித்திருந்தேன். முதலில் வந்தவர் வீராசாமி அண்ணன். துண்டில் பயபக்தியோடு மூடி எடுத்து வந்ததை மேசை நடுவில் வைத்தார். ஒரு கத்திரிக்காய். அதில் ஒரு ஓட்டை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓட்டையிலிருந்து புழு ஒன்று தலையை நீட்டி, துரை வந்துவிட்டாரா என்று பார்த்துவிட்டு உள்ளே போனது.

அடுத்து கட்டைவிரல் அளவில் ஒரு பாகற்காய். அதற்கடுத்து கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடலாம் என்கிற மாதிரி முற்றிய இரண்டு வெண்டைக்காய். ஒரு புடலங்காய் தன்னைத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. கடைசியாக அங்கம்மா அக்கா வந்தார். சேலைத் தலைப்பிலிருந்து எடுத்து வைத்தார், ஒரு பூசணிப் பிஞ்சு. குழந்தையின் கைமுட்டிதான் இருக்கும். ஒரு பக்கம் அழுகியும் இருந்தது. வைத்துவிட்டு, துணியின் சுருக்கத்தை வேறு அக்கறையாக நீவிவிட்டார்.

எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. "அக்கா, இதுதானா உங்க கொல்லையிலேயே பெரிசு?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கரையைத் தாண்டியதும் அவருடைய கொல்லை. கொடி ஒரு பச்சைப் பாய் போலக் கிடந்தது. குனிந்து வைக்கோலை விலக்கினார்.

தம்பிமார்களே, அப்படி ஒரு பூசணிக்காயை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என் சைக்கிளில் ஏற்றினால் சைக்கிள்தான் படுத்துக்கொள்ளும். அதன் நெற்றியில் அடுப்புக் கரியால் ஒரு பெரிய பொட்டு. காம்பில் ஒரு பழைய செருப்பு தொங்கியது. பக்கத்தில் இன்னொரு வைக்கோல் குவியலை விலக்கினார். இன்னொரு காய், அதற்கும் கரிப் பொட்டு, இடுப்பில் பிய்ந்த விளக்குமாறு. இன்னொன்றுக்குக் கிழிந்த பாவாடையே கட்டிவிட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், எல்லாக் கொல்லையிலும் இதே கூத்து. வீராசாமி அண்ணனின் கத்திரிச் செடிகள் காய் தாங்காமல் மண்ணில் சாய்ந்து கிடந்தன, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கிழிந்த செருப்பு.

"நல்லதக் கொண்டாந்து நடுரோட்ல வச்சு, போறவன் வர்றவன் வாயப் பொளக்கணும்னு சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா தம்பி?" என்றார் அங்கம்மா அக்கா. "தோட்டத்துக் கடைக்காரன் ஒருத்தன் போற போக்குல எங்க மொளகாப் பாத்தியப் பார்த்து, அடேயப்பான்னான். அவ்ளோதான். அந்த வாரமே எல ஒண்ணு விடாம சுருண்டுபோச்சு. ஒரு ஆளு கண்ணுக்கே அப்படின்னா, துரை கண்ணு, ரோட்டு கண்ணு, பசாருக்குப் போறவன் கண்ணு, தாங்குமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் வேறு எந்த உலகத்திலிருந்து வந்தேன்? எனக்கு வேலை கிடைத்த அன்று உம்மா என்னை உட்கார வைத்து, உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். புதுச் சட்டையோடு தெருவில் இறங்கினால் "யாரு கேட்டாலும் பழசுன்னு சொல்லு" என்பார். அதே ஆள் இங்கே வந்து, உள்ளதையெல்லாம் ஊர் பார்க்க மேசையில் பரப்பச் சொல்லியிருக்கிறேன். இவர்கள் என் பேச்சைத் தட்டவும் முடியாமல், பயிரைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், இருப்பதிலேயே சொத்தையைத் தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைத் தேடவே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்திருக்கும்.

"அக்கா, இதுல ரெண்டு காய மேசைக்குத் தூக்கிடலாமா?"

"வேணாம்லா தம்பி."

"ஒண்ணே ஒண்ணு?"

அவர் பதில் சொல்வதற்குள் ரோட்டில் கார் ஹாரன் கேட்டது. துரை நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

நெருக்கடியில் மூளை வேலை செய்யும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால்தான் வேலை செய்யும். என் கால் ரோட்டைப் பார்த்து ஓடியது, ஓடும்போதே நான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன். "துரைய இங்கேயே கூட்டிட்டு வரேன். அவர் இங்கிலீஷ்ல என்ன சொன்னாலும் என் வாய் வழியாத்தானே உங்களுக்கு வரும்? நான் கெடுதலாவே சொல்லிடறேன். ஒரு நல்ல வார்த்தை உங்க காதுல விழாது, பயிருக்கும் ஒண்ணும் ஆகாது." அக்கா பாதி மனசோடு தலையை ஆட்டினார்.

துரை மேசைக்குப் பக்கத்தில் நின்று, பாகற்காயை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான் இவர்களுடைய சிறந்த விளைச்சலா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, இது மிக மோசமானது. கழித்துப் போட்டதை முதலில் காட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு."

துரை புழுக் கத்திரிக்காயை உற்றுப் பார்த்தார். "மிகவும் நேர்மையான ஏற்பாடு" என்றார். நான் அவரைச் சேற்றுப் பாதையில் இறக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றுகிறது. துரை வீராசாமி அண்ணனின் கத்திரிச் செடிகளைப் பார்த்து நின்று, எவ்வளவு அருமையான காய்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். நான் திரும்பி, "எல்லாம் சொத்தையா இருக்குன்னு சொல்றாரு" என்றேன். வீராசாமி அண்ணன் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஆமாங்க துரை, சுத்தச் சொத்தைங்க" என்று கும்பிட்டார். வெண்டைப் பாத்தியைப் பார்த்துத் துரை, இந்த மண்ணிலா இப்படி விளைகிறது என்று வியந்தார். "இந்த மண்ணுல புல்லுகூட மொளைக்காதுங்கிறாரு" என்றேன். எல்லாரும் ஆனந்தமாகத் தலையை ஆட்டினார்கள். தன் பாராட்டுக்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று துரைக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. அவர் பாராட்டப் பாராட்ட நான் திட்டத் திட்ட, அந்த ஆற்றோரம் திருவிழாக் கோலம் பூண்டது.

வழியில் ஒரு திருஷ்டிப் பொம்மை நின்றது. பானைத் தலை, செங்கல் பொடியால் சிவந்த முகம், முறுக்கிய மீசை, தலையில் எங்கோ பொறுக்கிய வெள்ளைத் தொப்பி, வாயில் சுருட்டு மாதிரி ஒரு மரவள்ளிக் குச்சி. துரை அதன் எதிரில் நின்றுவிட்டார். "இது யார்?"

நான் வீராசாமி அண்ணனைப் பார்த்தேன். "எங்க பழைய தோட்டத்துத் துரைங்க" என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மரியாதைக்குரிய ஒரு பெரிய மனிதர், ஐயா" என்று மொழிபெயர்த்தேன்.

துரை இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "எனக்கு இவரைத் தெரியும். மீசை சரியாக வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அங்கம்மா அக்காவின் கொல்லைக்கு வந்தோம். வைக்கோல் விலகியே கிடந்தது, நான்தான் மூட மறந்துவிட்டேன். துரை அந்தப் பூசணிக்காயைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். என் வாய் தயாராக இருந்தது, அவர் இங்கிலீஷில் எதைச் சொன்னாலும் "அழுகல்" என்று சொல்லிவிடுவதென்று.

அவர் இங்கிலீஷில் சொல்லவில்லை. ஆசையாக அங்கம்மா அக்காவையே நேராகப் பார்த்து, தனக்குத் தெரிந்த மலாயில், "பாகுஸ்" என்றார். காயின் மேல் கைவைத்துத் தட்டிக்கொடுத்து, "பாகுஸ், பாகுஸ்" என்று இன்னும் இரண்டு முறை சொன்னார்.

பாகுஸ் என்றால் அருமை. பினாங்கில் பாகுஸ் என்ற வார்த்தை தெரியாத குழந்தை உண்டா? நாய்க்குக்கூடத் தெரியும். நான் திறந்த வாயை மூடவில்லை.

அங்கம்மா அக்காவின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. இடுப்பில் இருந்த அரிவாளை எடுத்துக் காம்பை அறுத்தார். வீராசாமி அண்ணன் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். இருவருமாக அந்தப் பெரிய காயைத் தூக்கி, கொல்லையைப் பார்த்து நின்று, மூன்று சுற்றுச் சுற்றினார்கள். "கண்ட கண்ணும் கொள்ளிக் கண்ணும் இதோட போகட்டும்" என்று அக்கா சொன்னதும், காய் பாதையில் விழுந்து உடைந்தது. பாதை என்றால் துரையின் காலடி.

வெள்ளைச் சதையும் விதையும் தண்ணீரும் துரையின் முழங்கால் வரை ஏறின. ஒரு விதை அவர் மீசையில் ஒட்டிக்கொண்டது. ஆளைக் கண்டதும் ஓடும் நண்டுகள்கூட வளைக்குள் போகாமல் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது.

"இதற்கு என்ன அர்த்தம்?" துரை என்னைத்தான் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பயம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பிள்ளைகளே. என் நாக்கில் ஒரு நல்ல பொய் தயாராக இருந்தது. 'பெரிய மனிதர் வந்தால் காயை உடைத்து வரவேற்பது எங்கள் வழக்கம்' என்று சொல்லியிருக்கலாம். துரை சிரித்திருப்பார். அன்று காலையிலிருந்து நான் சொன்ன பொய்களுக்கு அது ஒன்று கூடுதல், அவ்வளவுதான். ஆனால் கத்திரிக்காயைப் பற்றிப் பொய் சொல்வது வேறு, இத்தனை பேருடைய கால் நிற்கும் நிலத்தைப் பற்றிப் பொய் சொல்வது வேறு. நாளைக்கு வேறு யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு துரை இவர்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். உண்மையைச் சொன்னால் கோபப்படுவார், ஆனால் அது ஒரு முறைதான். நான் உண்மையைச் சொன்னேன். நல்லதைப் பார்த்து வியந்தால் கண் பட்டுவிடும் என்பதையும், பட்ட கண்ணைக் கழிக்கத்தான் காயை உடைத்தார்கள் என்பதையும், நான் இதுவரை மொழிபெயர்த்ததெல்லாம் தலைகீழ் என்பதையும் மிச்சம் வைக்காமல் சொன்னேன்.

துரையின் முகம் சிவப்பு மிளகாய் ஆனது. "என் கண் கெட்ட கண்ணா?"

"எல்லார் கண்ணும்தான் ஐயா. என் உம்மாவின் கண்ணையே என் உம்மா நம்புவதில்லை."

அவர் சிரிக்கவில்லை. "நீ என்னை ஏமாற்றுகிறாய். இந்தப் பக்கத்துத் தோட்டம் எல்லாம் நான் சுற்றியவன். ஒரே ஒரு ரப்பர் மரத்திலாவது செருப்புத் தொங்கி நான் பார்த்ததில்லை. இதே ஆட்கள்தானே அங்கேயும் வேலை செய்தார்கள்? அங்கே இல்லாத வழக்கம் இங்கே எங்கிருந்து வந்தது?"

நியாயமான கேள்வி. தெரியாதபோது தெரிந்தவரைக் கேட்பதுதான் முறை. அங்கம்மா அக்காவிடம் திரும்பி, துரை கேட்டதை அப்படியே, முதல் முறையாக அன்று ஒரு வார்த்தையும் மாற்றாமல், கேட்டேன்.

அக்காவுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "இது என்ன கேள்வி தம்பி?" என்றார். "அது யாரோட மரம்? கம்பெனி மரம். அதுல கண்ணு பட்டா எனக்கென்ன, காஞ்சு நின்னா எனக்கென்ன? விடிஞ்சாப் போயி வெட்டினேன், கூலி வாங்கினேன், வந்தேன். இது அப்படியா? இது எங்க காயி."

அதையும் வார்த்தை வார்த்தையாக இங்கிலீஷில் சொன்னேன். இத்தனை மாதம் வாரா வாரம் வந்து போன எனக்கு, இவர்கள் தங்கிவிடுவார்களா ஓடிவிடுவார்களா என்ற கேள்விக்குப் பதில் ஒவ்வொரு செடியிலும் தொங்கிக்கொண்டிருந்தது, நான் பார்க்கவில்லை. பிற்பாடு எந்தக் கிராமத்துக்குப் போனாலும் "எப்படி விளைச்சல்?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். எதை மூடி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன், அதையும் சத்தமில்லாமல் பார்ப்பேன்.

துரை மீசையிலிருந்த விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கொல்லை கொல்லையாகத் தலையைத் திருப்பினார். செருப்பு, விளக்குமாறு, கரிப் பொட்டு, கிழிந்த பாவாடை, அப்பால் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்ற மரியாதைக்குரிய பெரிய மனிதர்.

"ரப்பர் விலை ஏறினாலும் இவர்கள் போகமாட்டார்கள்" என்றார். என்னிடம் கேட்டதாகவே தெரியவில்லை, தனக்குத் தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நிரந்தரப் பட்டாவுக்கு எழுதிவிடுகிறேன். நிலம் அளக்க ஆட்கள் வருவார்கள் என்று சொல். இந்த முறை சரியாகச் சொல்" என்றார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கரை மேல் ஏறி நின்று கத்தினேன். "நிலம் உங்களுக்கே. கப்பல் கிடையாது. யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை."

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. வீராசாமி அண்ணன் வானத்தை ஓரக் கண்ணால் பார்த்துவிட்டு, "என்னத்த நிலம், வெறும் உப்பு மண்ணு" என்றார். பக்கத்தில் இருந்த ஒருவர், "மழை பேஞ்சா முழுகுது, வெயிலடிச்சா வெடிக்குது" என்று பெருமூச்சு விட்டார். "கொசு வேற" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒருவர் மண்ணாங்கட்டியைக் காலால் எத்தி, "சனியன் புடிச்ச மண்ணு" என்று திட்டினார், ஆனால் எத்திய கட்டியை உடனே குனிந்து எடுத்துப் பத்திரமாகப் பாத்தியிலேயே வைத்தார். ஆற்றோரம் முழுக்க ஒரே புலம்பல், இழவு வீடு தோற்றது.

துரை குழம்பிப் போனார். "இவர்களுக்கு நிலம் வேண்டாமா? சந்தோஷம் இல்லையா?"

"ஐயா, இதற்கு மேல் இவர்களால் சந்தோஷப்பட முடியாது" என்றேன்.

அவர் அங்கம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா மூன்று பெண் பிள்ளைகளையும் இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. முந்தானையை எடுத்துவிட்டு, ஊருக்கே கேட்கிற குரலில் அலுத்துக்கொண்டார்.

"எல்லாம் எங்க தலையெழுத்து. இனிமே இந்த உப்பு மண்ணுலயே கெடந்து சாக வேண்டியதுதான்."